எட்டு மணி நிலவரம்

சுடர்விழிக்குச் சொல்லக் கடினமான சொல் அவளுடைய பெயர்தான். 'சு' என்று தொடங்கும்போதே நாக்கு நின்றுவிடும். தள்ளிப் பார்த்தால் காற்று மட்டும் வரும். அதனால் கூரியர்காரர் கேட்டாலும், டிக்கெட் கவுன்டரில் கேட்டாலும் 'விழி' என்று மட்டும் சொல்லிவிடுவாள். பொறையாற்றில் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரம்மா மூன்று வருடமாக அவளை விழி என்றுதான் கூப்பிடுகிறார். அது பாதிப் பெயர் என்பது அவருக்குத் தெரியாது.

சொந்த ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றை ஒட்டிய ஒரு சின்ன கிராமம். அப்பா இராஜாங்கம் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். அம்மா அம்சம் நடவு ஆட்களுக்குத் தலைவி. குறுவைக்கும் சம்பாவுக்கும் இருபத்தைந்து பெண்களைச் சேர்த்து வயலில் இறக்குவது அவள் வேலை. அதற்குத் தேவையான குரல் அம்சத்துக்கு இருந்தது. இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் மாடு திரும்பிப் பார்க்கும் என்று ஊரில் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்கு நாலு வயதில் வாய் திக்க ஆரம்பித்தது. அம்சம் கோயில் கோயிலாகப் போனாள். தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மாவிடமும் காட்டினாள். "குழந்தையை அவசரப்படுத்தாதீங்க, அது பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருங்க" என்று அந்த டாக்டர் சொன்னார். அம்சம் அதைத் தனக்குத் தெரிந்த விதத்தில் எடுத்துக்கொண்டாள். குழந்தையைச் சிரமப்படுத்தக் கூடாது. அவ்வளவுதானே? அன்றிலிருந்து மகளுக்காகத் தானே பேச ஆரம்பித்தாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே வாத்தியாரிடம், "சார், எம்பொண்ணு பேசாது. ஆனா நல்லா எழுதும். நீங்க பேர் கூப்பிட்டா கையத் தூக்கும், அதையே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடையில் சுடர்விழி "எனக்கு ஒரு..." என்று தொடங்கினால், "நோட்டு குடுங்க, நாப்பது பக்கம்" என்று அம்சம் முடிப்பாள். உறவுக்காரர்கள் வந்து "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டால் பதில் அம்மாவிடமிருந்து வரும். ஊரே இதைப் பழகிக்கொண்டது. சுடர்விழி ஒரு வாக்கியத்தின் முதல் சொல்லைச் சொன்னால் போதும், எதிரில் இருப்பவர்கள் மீதியைப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அன்பாகத்தான் செய்தார்கள். அவள் சொல்ல வந்தது வேறாக இருந்தாலும் தலையை ஆட்டிவிடுவாள். மறுத்துச் சொல்ல வேண்டுமென்றால் இன்னொரு முறை வாயைத் திறக்க வேண்டுமே.

நன்றாகப் படித்தாள். தஞ்சாவூரில் மின்னணுப் பொறியியல் முடித்தாள். வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரி வேலைக்கு எழுத்துத் தேர்வு எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். அடுத்த கட்டம் குரல் தேர்வு. விமானியோடு வாயால் பேச வேண்டிய வேலை அது, ஒரு நொடி தாமதமும் ஆகாது. மூன்று பேர் முன்னால் ஒரு காகிதத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். நடுவில் இருந்த அம்மையார் நல்லவர். தண்ணீர் கொடுத்து, "போதும்மா, பரவாயில்ல" என்றார்.

அடுத்த வருடம் அதே துறையில் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவுக்கு எழுதினாள். அங்கே குரல் தேர்வு இல்லை. வேலை கிடைத்தது. வடக்கே ஆறு மாதப் பயிற்சி, பிறகு வேறொரு ஊரில் நாலு வருடம், அதன் பிறகு தரங்கம்பாடிப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் ஒரு தரை நிலையத்துக்குப் பொறுப்பாளராக வந்தாள்.

நிலையம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. சவுக்குத் தோப்பு நடுவில் ஒரு சின்ன கான்கிரீட் கட்டடம், பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்தின் உச்சியில் ஆள் உயரத்துக்கு வெள்ளைக் குழாய்போல ஓர் ஆன்டெனா. உள்ளே இரண்டு ரிசீவர், பேட்டரிகள், ஏசி, ஒரு கணினி. வாசலில் முறை வைத்து வரும் காவலாளிகள்.

அந்த ஆன்டெனா கேட்டுக்கொண்டிருப்பது விமானங்களை. கடல் பக்கம் ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர் தொலைவு வரைக்கும் பறக்கிற ஒவ்வொரு விமானமும், தான் இருக்கும் இடத்தை நொடிக்கு இரண்டு தரம் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். கூடவே தான் யார், எவ்வளவு உயரம், எவ்வளவு வேகம் என்பதையும் சொல்லும். கீழே இருந்து யாரும் கேட்க வேண்டாம். விமானி வாய் திறக்க வேண்டாம். கருவி தானாகச் சொல்கிறது, தரையில் இருக்கும் கருவி கேட்டு, சென்னையில் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பார்க்கும் திரைக்கு அனுப்புகிறது. ராடார் எட்டாத கடல்வெளியில்கூட எந்த விமானம் எங்கே இருக்கிறது என்று இப்படித்தான் தெரிகிறது.

பயிற்சியில் இதைக் கற்றபோது ஒரு விஷயம் சுடர்விழிக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் ஒரு சரிபார்ப்பு எண் வரும். செய்தி வழியில் சிதைந்து, அந்த எண் ஒத்துப்போகவில்லை என்றால் ரிசீவர் அதை ஒதுக்கிவிடும். விட்டுப்போனதைத் தானாகக் கற்பனை செய்து நிரப்பாது. அடுத்த செய்தி முழுசாக வரும்வரை காத்திருக்கும்.

வேலை பிடித்திருந்தது. ஒன்றே ஒன்றுதான் பிடிக்கவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குச் சென்னை மையத்திலிருந்து போன் வரும். நிலையத்தின் நிலவரத்தை வாயால் சொல்ல வேண்டும். ரிசீவரின் நிலை அவர்களுக்கே திரையில் தெரியும். ஆனால் ஏசி, பேட்டரி, ஜெனரேட்டர், டீசல் அளவு, கட்டடம் இதெல்லாம் ஆள் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. மொத்தம் ஐந்து விஷயம். மற்றவர்களுக்கு முக்கால் நிமிடத்தில் முடியும்.

சுடர்விழி ஐந்து மணிக்கே எழுந்து ஒத்திகை பார்ப்பாள். எந்தச் சொல் நிற்கும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும். 'கரண்ட்' வராது. அதனால் 'மின்சாரம்' என்பாள். 'கட்டடம்' வராது, 'இடம்' என்பாள். ஒரு நாள் ஓர் அதிகாரி, "என்னம்மா, நியூஸ் வாசிக்கிற மாதிரி பேசறே!" என்று சிரித்தார். அவரே இன்னொரு நாள், "சிரமப்படாதே, எல்லாம் ஓகேதானே? ஓகேன்னு எழுதிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு டீசல் குறைவாக இருந்தது. அதைச் சொல்லத்தான் அவள் முயன்றுகொண்டிருந்தாள். பிறகு மெயில் போட்டாள்.

இரண்டாவது வருடம் காலை வேலைக்கு ஹலீமா வந்தார். ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்த மூத்த அதிகாரி. ஊர் கூத்தாநல்லூர். முதல் நாள், "பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

"வி... விழி, மேடம்."

"சரி விழி, சொல்லும்மா."

சுடர்விழி தொடங்கினாள். மூன்றாவது விஷயத்தில் மாட்டிக்கொண்டாள். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. 'ம்' இல்லை, 'பரவாயில்லை' இல்லை, பெருமூச்சு இல்லை. லைன் துண்டித்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். துண்டிக்கவில்லை. மறுபடி முயன்றாள். சொல் வந்தது. ஐந்தும் முடிய ஆறு நிமிடம் ஆனது.

"எழுதிட்டேன். வேற என்னம்மா?" என்றார் ஹலீமா.

"வே... வேற ஒன்னும் இல்ல மேடம்."

"சரிம்மா. நாளைக்குக் கூப்பிடறேன்."

தினமும் அந்த ஐந்துக்குப் பிறகு அந்தக் கேள்வி வரும். கேட்டுவிட்டு ஹலீமா சும்மா இருப்பார். இரண்டு வாரம் சுடர்விழி 'ஒன்றுமில்லை' என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என்ன தோன்றியதோ, "மயில் வந்துச்சு மேடம்" என்றாள்.

"எங்க?"

"ஜெ... ஜெனரேட்டர் மேல. உக்காந்துகிட்டு எ... எறங்க மாட்டேங்குது."

"சூடா இருக்குமோ என்னவோ. மழைக்காலமாச்சே" என்றார் ஹலீமா, ரொம்பவும் யோசித்து.

அதன் பிறகு தினம் ஏதாவது ஒன்று. சவுக்கு வெட்ட ஆட்கள் வந்தது. காவலாளியின் பேத்திக்குக் காது குத்தியது. புயல் எச்சரிக்கையில் படகுகளை மேலே இழுத்துக் கட்டியிருப்பது. ஹலீமாவும் சொல்வார், சென்னையில் தண்ணீர் லாரி வராதது, மூட்டுவலி, மருமகள் செய்யும் கஞ்சியில் உப்பே இல்லாதது. எட்டு மணிக்கு ஆரம்பித்தால் எட்டேகாலும் ஆகும். ஹலீமா ஒருநாளும் அவள் வாக்கியத்தை முடித்து வைத்ததில்லை.

ஆனால் பயம் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து மணி ஒத்திகை அப்படியேதான் இருந்தது. ஹலீமா விடுப்பில் போகும் நாட்களில் வேறு யார் எடுப்பார்களோ என்று சாப்பாடு இறங்காது. ஒரு வெயில் காலத்தில் இதற்கு ஒரு முடிவு கட்டுவது என்று உட்கார்ந்தாள்.

விமானம் தன் நிலவரத்தைத் தானே சொல்லும்போது நிலையம் ஏன் சொல்லக் கூடாது? பேட்டரிக்கும் ஏசிக்கும் ஜெனரேட்டருக்கும் டீசல் தொட்டிக்கும் கட்டடக் கதவுக்கும் சின்னச் சின்ன உணர்கருவிகள் பொருத்தினாள். அவற்றின் அளவுகளைச் சேர்த்து, தினம் காலை எட்டு மணிக்கு ஒரு பக்க அறிக்கையாகச் சென்னைக்கு அனுப்பும் ஒரு நிரலை எழுதினாள். ஏதாவது கோளாறு என்றால் எட்டு மணிக்குக் காத்திராமல் உடனே அனுப்பும். முறைப்படி அனுமதி கேட்டு எழுதி, மேலதிகாரிகள் வந்து பார்த்து, மூன்று மாதம் சோதித்தார்கள். ஒரு பிழையும் இல்லை. இன்னும் நாலு நிலையங்களுக்கு இதையே வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. சுடர்விழிக்குப் பாராட்டுக் கடிதமும் வந்தது. அம்சம் அதை நீடாமங்கலத்துக்கு எடுத்துப் போய் லேமினேட் பண்ணி டிவிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வருகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு மிஷினையே பேச வச்சுட்டா" என்றாள்.

கடைசி அழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஐந்தையும் எழுதிக்கொண்டு ஹலீமா சொன்னார்: "நாளையிலேருந்து நான் கூப்பிட வேண்டியதில்ல போல."

"ஆ... ஆமா மேடம்."

"நல்ல வேலை செஞ்சிருக்கேம்மா. நல்லா இரு."

அன்று அவர் 'வேற என்னம்மா' என்று கேட்கவில்லை.

முதல் வாரம் சுடர்விழிக்குத் திருவிழா மாதிரி இருந்தது. ஏழு மணி வரை தூங்கினாள். காலையில் நாலு இட்லி இறங்கியது. எட்டு மணிக்குக் கணினித் திரையில் 'அனுப்பப்பட்டது' என்று பச்சை எழுத்து வரும். அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தாள்.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, காவலாளி ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது குரல் கரகரவென்று வந்தது. சளி பிடித்ததோ என்று நினைத்தாள். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்ததில், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் யாரோடும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கவில்லை. டீக்கடையில் விரலைக் காட்டினால் போதும். பஸ்ஸில் கண்டக்டருக்கு அவளைத் தெரியும். அம்மா தினமும் போன் செய்வாள், ஆனால் அந்தப் போனில் அம்மாவே கேட்டு அம்மாவே பதில் சொல்லிக்கொள்வாள். "சாப்ட்டியா? சாப்ட்டிருப்பே. உடம்பு பரவாயில்லல்ல? சரி, வச்சுடறேன்."

அன்று நிலையத்துக்குப் பின்னால், சவுக்குச் சருகில் மயில் நாலு குஞ்சு பொரித்திருந்ததைப் பார்த்தாள். பார்த்தவுடன் மனசு தானாக 'நாளைக்குச் சொல்லணும்' என்று எடுத்து வைத்துக்கொண்டது. யாரிடம் சொல்வது? அறிக்கையில் அதற்கு இடமில்லை. அவளே எழுதிய அறிக்கை அது. ஐந்து வரிகள்தான்.

அன்று மாலை நிரலைத் திறந்து ஆறாவதாக ஒரு வரி சேர்த்தாள். 'வேற:' என்று. அதற்கு எதிரே என்ன எழுதுவதென்று தெரியவில்லை. மயில் குஞ்சைப் பற்றி அலுவலக அறிக்கையில் எழுதவும் முடியாது. காலியாகவே விட்டாள். மறுநாள் எட்டு மணிக்கு அறிக்கை போனது. 'வேற:' காலி. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒரு பதில் வந்தது: 'கடைசி வரி காலியாக வருகிறது. சரிசெய்யவும்.' அனுப்பியது வேறு யாரோ ஒரு அதிகாரி.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வரியை நீக்கக் கை வரவில்லை. நாலாம் நாள் எட்டு மணிக்கு அறிக்கை போன பிறகு, ஒத்திகை எதுவும் பார்க்காமல் போனை எடுத்துச் சென்னை மையத்தின் எண்ணைப் போட்டாள். அவளாக அந்த எண்ணை அழைத்தது அதுதான் முதல் தடவை.

"ஹலோ?" என்றார் ஹலீமா.

சுடர்விழி வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. 'விழி' என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு ஏனோ அதைச் சொல்ல மனம் இல்லை.

"சு... சு..." நின்றது. விட்டாள். மறுபடி தொடங்கினாள். வேறு யாராக இருந்தாலும் ராங் நம்பர் என்று வைத்திருப்பார்கள். ஹலீமா வைக்கவில்லை.

"சுடர்விழி பேசறேன், மேடம்."

"அட! இதுதான் முழுப் பேரா?" என்றார் ஹலீமா. "எவ்வளவு அழகான பேரு. இத்தனை நாளா பாதிய மட்டும் குடுத்திருக்கே."

"மேடம், ம... மயில் குஞ்சு பொரிச்சிருக்கு. நாலு."

ஹலீமாவின் குரல் இறங்கி வந்தது. "மூணு நாள் லீவுல இருந்தேன்மா. இன்னிக்குத்தான் வந்து மெயிலைப் பார்த்தேன். 'வேற'ன்னு ஒரு வரி. பார்த்துகிட்டே உக்காந்திருந்தேன். நானே கூப்பிட்டிருப்பேன். ஆனா என்கிட்ட பேச வேண்டாம்னுதானே நீ இவ்வளவு பெரிய வேலையே செஞ்சே, அப்புறம் நான் எப்படிக் கூப்பிடறது?"

"உங்ககிட்ட இல்ல மேடம். போ... போனுகிட்ட."

ஹலீமா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். அவர் கூப்பிட வேண்டிய நிலையங்களின் பட்டியலில் சுடர்விழியின் நிலையம் இரண்டாவதாக இருந்ததாம். வந்த முதல் நாளே அதைக் கடைசிக்கு மாற்றிக்கொண்டாராம். மற்றவர்களை எட்டு மணிக்கு முன்பே கூப்பிட்டு முடித்துவிட்டு அவளிடம் வருவாராம். "உனக்கப்புறம் யாரும் காத்துகிட்டு இருக்கக் கூடாதுல்ல? அதுக்குத்தான்."



அந்தக் காலியான வரியை அன்றே நீக்கினாள். தேவையும் இருக்கவில்லை. ஹலீமா தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தார்.

தை மாதம் ஹலீமா ஓர் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூத்தாநல்லூர் வந்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு உன் வீட்டுக்கு வராமப் போனா எப்படி?" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். சுடர்விழியும் ஊருக்கு வந்துவிட்டாள்.

அம்சத்துக்குப் பரபரப்பு. பெரிய அதிகாரி, அதுவும் சென்னையிலிருந்து. கோழி எடுத்தால் அவர்கள் சாப்பிடும் முறைப்படி அறுத்ததா என்று அவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவளே யோசித்து, இராஜாங்கத்தை அனுப்பி விரால் மீன் வாங்கிவரச் செய்தாள். அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். தெருவில் ஒரு பக்கம் முழுக்க நெல் காய்ந்தது. ஹலீமாவின் கார் நெல்லை மிதிக்காமல் ஓரமாக வந்து நின்றது.

ஹலீமா குட்டையாக, கனமாக, மூட்டுவலியோடு இறங்கினார். சுடர்விழி மனசில் வைத்திருந்த உருவம் உயரமாக, ஒல்லியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு நிமிடம் வெட்கப்பட்டார்கள்.

"வாங்க மேடம், வாங்க, உக்காருங்க" என்றாள் அம்சம். "இவளுக்கு உங்களைக் கண்டா ரொம்ப மரியாதைங்க."

சாப்பிட்டு முடித்து மூவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். இராஜாங்கம் தோளில் துண்டோடு வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். ஹலீமா சுடர்விழியைப் பார்த்து, "ஏம்மா, சென்னைக்கு மாத்தல் கேக்கறியான்னு எங்க ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. உனக்கு எப்படி, அங்க வர விருப்பமா?" என்று கேட்டார்.

"எனக்கு..." என்று தொடங்கினாள் சுடர்விழி.

"அவளுக்கு அதெல்லாம் வேண்டாங்க மேடம்" என்றாள் அம்சம் உடனே. "அங்க நாப்பது பேரோட பேசிப் பழகணும். இவளுக்கு மனுசங்க கூட்டமே ஆகாது. சின்னப் புள்ளையிலேருந்து தனியா இருக்கத்தான் புடிக்கும். பேசவே..."

ஹலீமா கையை நீட்டி அம்சத்தின் கைமேல் வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. சும்மா வைத்தார், அவ்வளவுதான். பார்வை சுடர்விழியின் மேலேயே இருந்தது. அம்சம் பாதியில் நிறுத்திவிட்டு, ஏன் நிறுத்தினோம் என்று புரியாமல் மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

சுடர்விழியின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு கூடி நின்றது. அம்சத்தின் வாய் இரண்டு முறை தானாகத் திறந்து மூடியது. முப்பத்திரண்டு வருடத்தில் மகள் ஒரு சொல்லோடு போராடும்போது அவள் சும்மா உட்கார்ந்து பார்த்தது அதுவே முதல் முறை.

"எனக்கு... பே... பே... பேசப் பிடிக்கும்மா."

ஹலீமா அம்சத்தின் கையை விடவில்லை.

"ம... மனுசங்களையும் பிடிக்கும். ரொம்பப் பிடிக்கும்."

அம்சம் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் மெல்ல மெல்ல மாறியது. வயலில் வரப்பு உடைவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவள் முகம் மாதிரி இருந்தது. "நெசமாவா?" என்றாள். கூப்பிட்டால் அக்கரை மாடு திரும்பும் அந்தக் குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"அது பேசுமே" என்றார் வாசலில் நின்ற இராஜாங்கம்.

மூவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வண்டில பின்னால உக்காந்து போறப்ப நல்லாப் பேசும். ஸ்கூல்ல விடப் போறப்பலேருந்து. வண்டிச் சத்தத்துல திக்கவே திக்காது. முதுகுகிட்ட எல்லாக் கதையும் சொல்லும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாய்யா நீ?"

"நீ எங்க கேட்டே?" என்றார் இராஜாங்கம். பிறகு, அதிகம் பேசிவிட்டவர்போலத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நெல்லைக் கிளறப் போனார்.

அம்சம் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு. "நான் அது கஷ்டப்படக் கூடாதுன்னுதானே..." என்று ஹலீமாவிடம் சொன்னாள். "தெரியும் அம்சம்" என்றார் ஹலீமா. சுடர்விழி எழுந்து வந்து அம்மாவின் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்தாள். அவளுக்கு அம்மாமேல் கோபம் இருக்கிறதா என்று அப்போது யோசித்துப் பார்த்தாளாம். தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று பிறகு ஹலீமாவிடம் சொன்னாள்.

மாற்றலைப் பற்றிய கேள்விக்கும் அன்றே பதில் சொன்னாள். சென்னைக்கு வர விருப்பம்தான், ஆனால் மற்ற நாலு நிலையங்களிலும் கருவி பொருத்தி ஓடவிட்ட பிறகு. அதைச் சொல்லி முடிக்க மூன்று நிமிடமாவது ஆகியிருக்கும். அம்சம் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். எடுத்தால் எங்கே தானாகப் பேசிவிடுவோமோ என்ற பயம்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. அடுத்த மாதங்களில் அம்சம் எத்தனையோ தடவை மறந்துபோய் மகளின் வாக்கியத்தை முடித்தாள். முடித்த பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "சரி சரி, நீ சொல்லு, நீயே மொதல்லேருந்து சொல்லு" என்பாள். மறுபடி முதலிலிருந்து சொல்வது சுடர்விழிக்கு இன்னும் பெரிய வேலை. ஆனாலும் சொன்னாள். போனில் பேசும்போது அம்சம் கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கப் பழகினாள். அந்த இடைவெளி தாங்காமல் சில சமயம் பக்கத்தில் இருக்கும் நடவுப் பெண்களை அதட்டுவது கேட்கும்.

சித்திரையில் ஒரு திங்கட்கிழமை காலை. விடுமுறை முடிந்து சுடர்விழி பொறையாற்றுக்குக் கிளம்பினாள். அம்மாவும் மகளும் ஊர் நிறுத்தத்துக்கு வந்து நின்றார்கள். அந்த வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பஸ்தான். அம்சம் வழக்கம்போல மதியத்துக்குக் கட்டிய டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்தாள்.

சுடர்விழி அதை வாங்கிப் பார்த்தாள். "அம்மா, எனக்கு..." என்றாள்.

அம்சம் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பு... பு..."

வளைவில் பஸ் திரும்பி வந்தது. ஹாரன் அடித்துக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஏறும்மா, ஏறு, லேட்டாயிடுச்சு" என்றார். சுடர்விழி பஸ்ஸைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். சொல் பாதியில் நின்றது.

"நீங்க போங்க தம்பி" என்று அம்சம் கையை வீசினாள். "அவ சொல்லிகிட்டு இருக்கா. அடுத்த வண்டில வருவா."

கண்டக்டர் ஒன்றும் புரியாமல் விசில் கொடுத்தார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. புழுதி அடங்கியது. அம்சம் அவசரமே இல்லாத முகத்தோடு நின்றாள்.

"எனக்குப் புளிச்சோறு பிடிக்காதும்மா."

அம்சத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு டிபன் பாக்ஸைப் பார்த்தாள். "அடியே, காலேஜ் போன நாளுலேருந்து கட்டிக் குடுக்கறேனேடி!"

"தெ... தெரியும்."

"அத்தனையும் தின்னியா?"

"தின்னேன்."

அம்சம் நிறுத்தத்தின் சிமென்ட் திட்டில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். சுடர்விழியும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். அம்சம் டிபன் பாக்ஸை வாங்கித் திறந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"சரி, அப்ப உனக்கு என்னதான்டி புடிக்கும்? சொல்லு. வண்டிக்கு இன்னும் நேரம் கெடக்கு."

சுடர்விழி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள்.